‘எஸ்’ கேட்டகிரி: களப்பணியில் மனம் பாதிக்கப்பட்ட ராணுவ வீரருக்கு என்ன உரிமை, எங்கே தவறிப்போகிறது

லீவில் வந்தவர் இரவு இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் நடந்துகொண்டிருக்கிறார். குக்கர் விசிலுக்குத் திடுக்கிடுகிறார். திரும்பிப் போகும் நாள் நெருங்க நெருங்கப் பேச்சே நின்றுபோகிறது. பெங்களூரின் அல்சூர், மர்ஃபி டவுன், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இப்படி நடந்தால், பெரும்பாலும் தெரிந்த தனியார் டாக்டரிடம் சத்தமில்லாமல் காட்டித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். யூனிட்டுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் மருத்துவம், வேலைப் பாதுகாப்பு, பென்ஷன் மூன்றுமே ராணுவ ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பிடித்துத்தான் வருகின்றன. வெளியில் ரகசியமாகப் பார்த்த வைத்தியம் கணக்கில் ஏறுவது கடினம்.

முதலில் நோயைப் பற்றி. நடந்த சம்பவம் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் பேச்சையும் இடத்தையும் தவிர்ப்பது, மனசு மரத்துப்போவது, எப்போதும் விறைப்பாக, எதற்கும் சட்டென்று பதறுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அது பி.டி.எஸ்.டி.யாக (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) இருக்கலாம். முதல் மாதத்தில் வருவது அக்யூட் ஸ்ட்ரெஸ். பலருக்கு அது தானே அடங்கிவிடும். சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் நோய் முழுதாகத் தெரியும். அதனால் “பீஸ் ஸ்டேஷன் (களத்துக்கு வெளியே உள்ள அமைதிப் பகுதி) வந்த பிறகுதானே ஆரம்பித்தது, களப்பணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்” என்று வீட்டிலேயே தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதோடு அந்தச் சம்பவத்தையே மையமாக வைத்த பேச்சு சிகிச்சையும் வேண்டும். அல்பிரஸோலம் வகைத் தூக்க மாத்திரை இந்த நோய்க்கு மருந்தல்ல. ரம்மும் அல்ல. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ‘ஆல்கஹால் டிபெண்டன்ஸ்’ என்று மட்டும் பதிவானால், பிற்பாடு டிசெபிலிட்டி பென்ஷன் கேட்கும்போது வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். குடிக்கு முன்னால் தூக்கம் எப்போது போனது என்பதை டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள்.

லீவு முடிவதற்குள் நிலைமை மோசமானால் பழைய ஏர்போர்ட் சாலையில் உள்ள ஏர்ஃபோர்ஸ் கமாண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தரைப்படை வீரரையும் அங்கே பார்ப்பார்கள். அடையாள அட்டை, லீவ் சர்டிபிகேட் இரண்டும் கையில் இருக்கட்டும். சேர்த்துக்கொண்டால் ஆஸ்பத்திரியே யூனிட்டுக்குத் தகவல் அனுப்பும். நள்ளிரவில் கைமீறிப் போனால் ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கிறது. அப்படிப் போனால் ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்தி, அன்றைக்கே யூனிட்டுக்குப் போன் செய்து, எழுத்திலும் ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள். வெறும் போன் பேச்சு நாளைக்குச் சாட்சி ஆகாது.

இதைச் செய்யாமல் வீட்டில் ஒளித்து வைப்பதுதான் ஆகப் பெரிய ஆபத்து. லீவு தாண்டி இருப்பது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் குற்றம். அனுமதியில்லாமல் 30 நாள் ஆகிவிட்டால் 106ஆம் பிரிவின்படி கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணைக் குழு) கூடும்; அதன் பதிவு ‘டெசர்ட்டர்’ (படையிலிருந்து ஓடிப்போனவர்) என்ற நிலைக்குக் கொண்டுபோகும். போலீஸ் வீட்டுக்கு வரும். நோயாளியாக இருந்தவர் ஓடிப்போனவராக மாறுவதற்கு ஒரு மாதம் போதும். ஏற்கெனவே நாள் தாண்டியிருந்தாலும் நேரே ராணுவ ஆஸ்பத்திரியிலோ அருகிலுள்ள ராணுவ யூனிட்டிலோ போய் நிற்பது, பிடிபட்டுப் போவதைவிட எவ்வளவோ மேல்.

பேச ஒரு குரல் மட்டும் வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம். ராணுவத்தினருக்கென்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் (ஏ.எஃப்.எம்.சி.) 2023 டிசம்பர் 1இல் தனிப் பிரிவு திறந்தார்கள். மனைவியோ பெற்றோரோகூட 14416க்கு அழைக்கலாம். ஆனால் அந்த அழைப்பு மெடிக்கல் போர்டு (தகுதியை முடிவு செய்யும் ராணுவ டாக்டர்கள் குழு) பார்க்கும் காகிதம் ஆகாது என்பது நினைவிருக்கட்டும்.

இனி கேட்டகிரி, அதாவது மருத்துவத் தகுதி நிலை. ராணுவத்தில் உடற்தகுதி ‘ஷேப்’ என்ற ஐந்து எழுத்துகளில் எழுதப்படுகிறது. முதல் எழுத்தான எஸ், மனநிலையைக் குறிக்கும். எஸ்-1 முழுத் தகுதி, எஸ்-5 சேவைக்குத் தகுதியில்லை. முதல் முறை போர்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் தற்காலிகக் கேட்டகிரிதான் தருவார்கள்: எஸ்-3 (டி-24) என்றால் 24 வாரத்துக்குப் பிறகு மறுபரிசோதனை. இந்தக் காலத்தில் ஆயுதம் கையாளுவது, தனியாக சென்ட்ரி நிற்பது, வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்குத் தடை போடுவார்கள். பலர் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. சரியானால் கேட்டகிரி மேலே ஏறும். பதவி உயர்வு தள்ளிப்போகக்கூடும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

மனநல டாக்டரிடம் அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் நிரப்பும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 என்ற படிவம்தான் இந்த விஷயத்தின் மையம். வீரரின் நடத்தை, வேலை, வீட்டுப் பிரச்சினை, சேவையால் வந்த அழுத்தம் எல்லாம் அதில் வரும். “குடும்பத் தகராறு” என்று இரண்டு வார்த்தை அதில் விழுந்தால், பல ஆண்டு கழித்து, வெளியேறும்போது கூடும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு அதையே காட்டி ‘என்.ஏ.என்.ஏ.’ என்று எழுதிவிடும். நோய் சேவையால் வரவும் இல்லை, சேவையால் கூடவும் இல்லை என்று அர்த்தம். எனவே முதல் நேர்காணலிலேயே எந்தப் போஸ்ட், எந்த மாதம், என்ன நடந்தது, யார் உடனிருந்தார்கள் என்று சொல்லிவிட வேண்டும். லீவு கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் அந்தத் தேதியும் முக்கியம். டிஸ்சார்ஜ் ஸ்லிப் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

ஓய்வுக்கு முன் கூடும் போர்டில் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவத்தின் முதல் பகுதி வீரரின் சொந்த வாக்குமூலம். எங்கெங்கே எப்போதிலிருந்து எப்போது வரை, பீஸா ஃபீல்டா என்று ஒவ்வொரு போஸ்டிங்கும் எழுத வேண்டும். கிளார்க் நிரப்பியதில் கையெழுத்து மட்டும் போடுபவர்கள் அதிகம். அங்கேதான் இரண்டு வருட உயர்மலைப் பணி காணாமல் போகிறது. கேட்டகிரியில் இருக்கும்போது நீட்டப்படும் ‘அன்வில்லிங்’ சர்டிபிகேட்டிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். தொடர்ந்து சேவை செய்ய விருப்பமில்லை என்று எழுதிக் கொடுப்பதாகிவிடும்.

நோய் சேவையால் வந்தது அல்லது கூடியது என்று ஏற்கப்பட்டு, பாதிப்பு 20 சதவீதமாவது இருந்தால் பணம் உண்டு. 100 சதவீதப் பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கணக்கில் எடுக்கும் சம்பளம் 50,000 ரூபாய், பாதிப்பு 40 சதவீதம் என்றால் மாதம் 6,000. நோய்க்காகவே சேவையிலிருந்து அனுப்பப்பட்டவருக்கு 50க்குக் கீழ் உள்ளதை 50 ஆக ஏற்றிக் கணக்கிடும் ‘பிராட் பேண்டிங்’ உண்டு, அப்போது 7,500. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டதால், பணிக்காலம் முடித்து வெளியேறுபவருக்கு ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்ற பெயரில் தனி ஏற்பாடு. எனவே முதலில் வெளியேறிய தேதியைப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஹவில்தாருக்குக் கிடைத்த கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பென்ஷனை மறுத்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதற்கு முன் போர்டு நடவடிக்கைகளின் நகலை ரெக்கார்ட்ஸில் (சேவைப் பதிவு அலுவலகம்) ஆர்.டி.ஐ. போட்டு வாங்குங்கள், கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) காரர்களுக்கு ரெக்கார்ட்ஸ் பெங்களூரிலேயே இருக்கிறது. படைசேர்ப்பின்போது நோய் ஏதும் குறிக்கப்படவில்லையென்றால் அப்போது நலமாக இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போர்டு காரணம் எழுதாமல் வெறுமனே ‘என்.ஏ.என்.ஏ.’ போட்டிருந்தால் அதுவே அப்பீலுக்கு வலுவான பிடி. இரண்டாவது அப்பீலும் தோற்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழர் என்பதால் சென்னைக்கு ஓடுகிறார்கள்; கர்நாடகத்தில் குடியிருந்தால் கொச்சி கிளை, வேலூர் போலத் தமிழ்நாட்டில் குடியிருந்தால்தான் சென்னை.

அக்னிவீரர்களுக்கு இந்தப் பென்ஷன் விதிகள் இல்லை. சேவையால் வந்த பாதிப்புக்கு 50, 75, 100 சதவீதம் என்ற படிகளில் 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒரே தவணையாகக் கிடைக்கும். நான்கு வருடம் முடித்து வெளியே வந்தவருக்கு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டும் கிடையாது என்பதால், தொடர் சிகிச்சைக்கு நிமான்ஸ் அல்லது அரசு ஆஸ்பத்திரிதான். புதிய டாக்டர் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க, ராணுவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் ஸ்லிப்பையும் மருந்துப் பட்டியலையும் வெளியேறும் வாரத்திலேயே நகலெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.