பாடி இமேஜ்: ‘பிம்பம்’ என்றால் சரியா?

போன மாதம் பெங்களூரு அல்சூரிலிருந்து அக்கா போன் செய்தாள். “டேய், பாப்பா ஸ்கூல்லேர்ந்து சர்க்குலர் வந்திருக்கு. சனிக்கிழமை அம்மாங்களுக்கு மீட்டிங்காம், பாடி இமேஜ் பத்தி. அப்படின்னா என்னடா?”

அக்காவின் குழப்பம் நியாயமானதுதான். நம் பேச்சில் ‘பாடி’ என்றால் ஆஸ்பத்திரி வாசலில் ஓர் அர்த்தம், ஜிம்மில் ஓர் அர்த்தம், லாரிப் பட்டறையில் வேறு அர்த்தம், பாட்டி காலத்தில் ரவிக்கைக்குள் போட்டதும் பாடிதான், சென்னையில் போய்க் கேட்டால் அது ஓர் ஊர். ‘இமேஜ்’ நடிகருக்கும் அரசியல்வாதிக்கும் மட்டும் உண்டு, அதுவும் கெட்டுப்போவதற்காகவே உண்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் எதைப் பொருத்துவது?

இந்தச் சொல் பிறந்த இடத்துக்கும் அழகு நிலையத்துக்கும் சம்பந்தமே இல்லை. கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் அரிப்பதும் வலிப்பதும் மருத்துவர்களுக்குப் பழைய புதிர். மூளை தனக்கென்று உடம்பின் வரைபடம் ஒன்றை வைத்திருக்கிறது என்கிற வழியில் 1911-இல் லண்டன் நரம்பியல் மருத்துவர்கள் ஹென்றி ஹெட்டும் கோர்டன் ஹோம்ஸும் எழுதினார்கள். அதை மனநலத்தின் பக்கம் இழுத்து வந்தவர் வியன்னாவில் பிறந்த பால் ஷில்டர். 1935-இல் வந்த அவருடைய ஆங்கில நூல் வழியாக ‘பாடி இமேஜ்’ நிலைபெற்றது. நம் உடம்பைப் பற்றி நம் மனதுக்குள் நாமே போட்டு வைத்திருக்கும் படம் என்பது அவர் கொடுத்த பொருள். குண்டு, ஒல்லி, கறுப்பு, சிவப்பு என்ற கவலைகளுக்கெல்லாம் அது பெயரானது அப்புறம்தான். ‘இமேஜ்’ லத்தீன் ‘இமாகோ’விலிருந்து வந்தது. ரோமாபுரியின் பெரிய வீடுகளில் செத்துப்போன முன்னோர் முகங்களை மெழுகில் செய்து வைத்திருப்பார்கள், அவற்றுக்கும் அதே பெயர்தான்.

தமிழில் இதற்குப் பத்திரிகைகள் அதிகம் எழுதுவது ‘உடல் பிம்பம்’. காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் வடமொழியில் பிம்பம் என்பது அசல் பொருள், கண்ணாடியில் தெரிவது பிரதிபிம்பம். தமிழுக்கு வந்த வழியில் அசலும் நகலும் இடம் மாறிவிட்டன. வேர் வரைக்கும் போனால் ‘உடல் பிம்பம்’ என்பது உடம்பேதான்! ‘உடற்படிமம்’ என்றும் எழுதுகிறார்கள். படிமம் ‘பிரதிமா’ வழி வந்தது, சிலை என்று பொருள், போதாததற்குப் புதுக்கவிதைக்காரர்கள் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ‘உடல் தோற்றம்’ எனக்கு ஒத்துவரவே இல்லை. தோற்றம் அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது, ஷில்டர் சொன்னது அவரவர் மனதுக்குள் இருப்பது.

என் ஓட்டு ‘நினைப்பு’க்கு. “மனசுல பெரிய அழகின்னு நெனப்பு” என்று தெருவில் எத்தனை முறை கேட்டிருப்போம். அந்த நினைப்புதான் பாடி இமேஜ், வேறு எதுவும் இல்லை. கண்ணாடியில் என்ன தெரிந்தாலும் உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நம் பாட்டிகள் ஷில்டருக்கு முன்பே கேலியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரே வித்தியாசம், நாம் கேலி செய்வது தன்னை உயர்வாக நினைப்பவளை மட்டும்தான். தன்னைக் குறைவாக நினைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவளின் நினைப்புக்கு நம்மிடம் பெயர் இல்லை, ஏனென்றால் அது வெளியே தெரிவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து ‘உடல் நினைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்ற பழமொழியும் இலவசமாகக் கூடவே வருகிறது.

சரி, ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த நினைப்பு எங்கிருந்து வந்து ஒட்டுகிறது?

மீட்டிங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பா கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாக்கித் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, என் கை குண்டா?” என்றாள். ஸ்கூல் பையில் ஓர் இளவரசி ஸ்டிக்கர், நீலக் கவுன், கன்னம் வரைக்கும் கண். ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து இளவரசியை அளந்தோம்: கண்ணின் அகலம் ஆறு மில்லிமீட்டர், மணிக்கட்டு மூன்று. பிறகு பாப்பாவை அளந்தோம், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆடியதால் இரண்டு தடவை. கண் இரண்டரை சென்டிமீட்டர், மணிக்கட்டு நாலு. “அப்போ இவ கையால தண்ணி பாட்டில் தூக்க முடியாதா மாமா?” முடியாதுதான். உடைந்துவிடும்.

இதை முதலில் அளந்தவன் நான் இல்லை. 2013-இல் ‘ஃப்ரோஸன்’ படம் வந்தபோது அமெரிக்கச் சமூகவியலாளர் பிலிப் கோஹன், நாயகி ஆனாவின் கண்விழி அவள் மணிக்கட்டை விடப் பெரிதாக இருக்கிறது என்று காட்டினார். கண் பெரிதாக இருந்தால்தான் கோபம், அழுகை, ஆச்சரியம் எல்லாம் தூரத்திலிருந்தும் தெரியும் என்று அனிமேஷன்காரர்கள் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதே படத்து ஆண்களுக்குக் கை கையாகத்தானே இருக்கிறது? அவர்களுக்கும் அழுகையும் கோபமும் வரத்தானே செய்கின்றன?

இதைவிடப் பச்சையாகத் தெரிந்தது மெரிடா விஷயத்தில். 2012-இல் வந்த ‘பிரேவ்’ படத்தில் அவள் சுருட்டை முடி பறக்க வில்லும் அம்புமாகத் திரிகிற, உருண்டை முகத்துப் பெண். அடுத்த வருடமே டிஸ்னி கம்பெனிக்காரர்கள் தங்கள் இளவரசிகள் வரிசையில் சேர்க்க அவளைத் திரும்ப வரைந்தார்கள். இடுப்பு சுருங்கியது, முடி படிந்தது, கவுனின் கழுத்து இறங்கியது, வில் காணாமல் போனது. 2,00,000 பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், அவளை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மனே எதிர்த்தார். அப்புறம் 2016-இல் மோனா, 2021-இல் ‘என்காண்டோ’வின் லூயிசா என்று தோளும் தொடையும் உள்ள பெண்கள் வந்தார்கள். நம் பிள்ளைகள் தமிழில் பார்த்த டோரா ஆரம்பத்திலிருந்தே பெரிய தலை, சின்னக் கால், தொப்பை. அவளைப் பார்த்து யாரும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போக நமக்கு வசதி இல்லை. துடியிடை, கொடியிடை, நூலிடை என்று இடுப்பை இழைத்தவர்கள் நாம்தான். காம்பு கிள்ளாமல் அனிச்சப்பூவைச் சூடிக்கொண்டாள், இனி அவள் இடுப்பு ஒடிந்து சாவுப்பறைதான் கொட்டும் என்கிறது 1115-ஆம் குறள். பூக்காம்பின் கனத்துக்கே! உயிருள்ள பெண்ணை வரைந்த பெண்ணோடு ஒப்பிடுவதும் நமக்குப் பழசு. குறுந்தொகை 89-இல் பரணர், கொல்லிமலையில் தெய்வம் ‘எழுதிய’ நல்லியற் பாவை போன்றவள் இந்தச் சின்னப்பெண் என்கிறார். எழுதுதல் என்றால் அன்றைக்கு வரைதலும்தான். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும், அந்தப் பெண் அங்கே உரலில் குற்றிக்கொண்டே பாடுகிறாள். மூன்று மில்லிமீட்டர் மணிக்கட்டை வைத்துக்கொண்டு உலக்கை பிடிக்க முடியாது.

பாவை என்ற சொல்லே ஒரு விசித்திரம். பொம்மை, பெண், கண்ணின் கருமணி மூன்றுக்கும் அதே பெயர். அக்காவின் கீழ்வீட்டுக் கன்னட ஆண்ட்டி பாப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் “கொம்பே தரா இதாளே” என்பார், நாமும் “பொம்மை மாதிரி இருக்கா” என்றுதான் கொஞ்சுகிறோம். இரண்டு மொழியிலும் பொம்மைதான் பாராட்டு.

ஆராய்ச்சிகள் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. 2006-இல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயதுக்குள் 162 சிறுமிகளிடம் பார்த்தபோது, பார்பி படங்களைப் பார்த்த சின்னப் பெண்களுக்குத் தங்கள் உடம்பு மேல் இருந்த மதிப்பு குறைந்தது. மூத்த பெண்களிடம் அந்த உடனடி விளைவு தெரியவில்லை. 2010-இல் அமெரிக்காவில் 3 முதல் 6 வயதுள்ள 121 சிறுமிகளுக்கு இளவரசிப் படத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள், பார்த்த கையோடு எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, குண்டாகிவிடுவோமோ என்ற பயம் ஏற்கெனவே இருந்தது. ஆறு வயதுக்குள்ளேயே! ஒரு படம் பார்த்து வருகிற காய்ச்சல் இல்லை இது, ஸ்டிக்கர், டிபன் பாக்ஸ், பிறந்தநாள் கேக், வீட்டுக்கு வருகிற அத்தையின் ஒரு வார்த்தை என்று சொட்டுச் சொட்டாக ஊறுவது என்றுதான் எனக்குப் படுகிறது.

சனிக்கிழமை மீட்டிங்கில் அக்கா ‘உடல் நினைப்பு’ என்று தமிழ் அம்மாக்களுக்குச் சொல்லிவிட்டாளாம், எல்லோருக்கும் பட்டென்று புரிந்ததாம். பக்கத்தில் இருந்த கன்னட ஆண்ட்டிக்கு அதையே மாற்றி “தேஹத நெனப்பு” என்றிருக்கிறாள். கன்னடத்தில் நெனப்பு என்றால் ஞாபகம். “ஞாபக மறதிக்கு எதுக்குச் சின்னப் பசங்க ஸ்கூல்ல மீட்டிங்?” என்று ஆண்ட்டி கேட்க, அக்கா பாப்பாவின் பையை எடுத்து மடியில் வைத்து, ஸ்கேலை வாங்கி, இளவரசியின் கண்ணிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.