துவைத்தால் கெட்டுவிடுமாம்!

மறுபடியும் ஒன்று என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்திருக்கிறது. இரண்டு பிராண்டுகளின் கூட்டு வெளியீட்டில் வந்த கோர்-டெக்ஸ் (நீர் புகாத படலம் வைத்த துணி) மழை ஜாக்கெட். மறுவிற்பனையில் கொள்ளை விலை கொடுத்து வாங்கியதாம். "ஒரு தடவைகூடத் துவைத்ததில்லை அண்ணா" என்று பெருமையாகச் சொன்னார் தம்பி. காலரைப் புரட்டினேன். கழுத்து எண்ணெயும் வியர்வையும் ஏறிப் பழுப்பு நிறம். தையல் மேல் ஒட்டிய டேப் ஓரம் சுருண்டு நிற்கிறது. உள்ளே படலம் கொப்புளம் கொப்புளமாகப் பிரிந்திருக்கிறது. டேப்பை மாற்றி ஒட்டித் தரலாம். பிரிந்த படலத்துக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

2007இல் தெரு உடுப்பு பிராண்டான சுப்ரீம், மலையேற்ற உடுப்பு பிராண்டான தி நார்த் ஃபேஸோடு சேர்ந்தது. அதேபோல் 2020இல் தெரு உடுப்பு பேலஸ், மலையேற்ற உடுப்பு ஆர்க்டெரிக்ஸோடு சேர்ந்தது. மலையேறுபவர்களுக்கான உடுப்பு தெருவுக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஸ்னீக்கர் சேர்ப்பவர்களின் 'தொடாதே, கழுவாதே' பழக்கமும் கூடவே வந்துவிட்டது. மலையேறுபவர்கள் இதே ஜாக்கெட்டைத் துவைத்துத்தான் போடுகிறார்கள் ஐயா!

துவைத்தால் நீர்க்காப்பு போய்விடும் என்பது தவறு. நீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் படலம்; அது சோப்பில் கரைந்து போகாது. சேம்பிலைமேல் உருள்வதுபோல் தண்ணீர் உருள்கிறதே, அது வெளித்துணியின் பூச்சு. அழுக்கும் எண்ணெயும் படிந்தால் பூச்சு படுத்துவிடும், துணி நனைந்து கனக்கும். உடனே "ஒழுகுது", "போலி" என்று ஓடி வருகிறார்கள். 2022இல் ஜாக்கெட்டோடு ஷவரில் நின்று டிக்டாக் போட்டவர்கள் காட்டியதும் இந்தப் பூச்சைத்தான். அதை எழுப்பி விடுவது சலவையும் சூடும். துவைக்காமல் வைத்துப் பாதுகாத்ததாக நினைக்கிறீர்கள், கெடுத்தது அதுதான். புதிய ஜாக்கெட்டுகளில் ஃப்ளோரின் இல்லாத பூச்சு வருகிறது. அது எண்ணெயைத் தடுக்காது, ஆகவே இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டும்.

முதலில் லேபிளைப் படியுங்கள். லோகோ இருக்கிறது என்பதற்காக எல்லாக் கூட்டு வெளியீடும் மழை ஜாக்கெட் ஆகிவிடாது. ஜிப்பை மூடி, திரவச் சோப்பு கொஞ்சமாக விட்டு, 40 டிகிரியில் துவையுங்கள். இரண்டு முறை அலசுங்கள். துணி மென்மையாக்கி வேண்டாம், ப்ளீச் வேண்டவே வேண்டாம். மிதமான சூட்டில் டிரையரில் போட்டு, காய்ந்த பிறகு இன்னும் 20 நிமிடம் ஓட விடுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் உருளாவிட்டால், பூச்சு ஸ்ப்ரே வாங்கி அடித்துக்கொள்ளலாம்.

நார்த் ஃபேஸின் இறகு நிரப்பிய நப்ட்சி ஜாக்கெட் வகைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்குச் சோப்பு வேறு, உலர்த்தவும் நேரம் பிடிக்கும். தயவுசெய்து அதை ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அந்த நாற்றத்தோடும் என்னிடம்தான் கொண்டு வருகிறீர்கள்.