கேட் எடுத்தாலும் பி.யூ.சி. பாஸாகுமா?

“அண்ணா, கேட்டை எடுத்துட்டா பி.யூ.சி. பாஸாகுமா?”

வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். கேட் என்று நாங்கள் சொல்வது, இன்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை. பி.யூ.சி. என்பது வண்டியின் புகை வரம்புக்குள் இருக்கிறது என்று சோதித்துக் கொடுக்கும் சான்றிதழ். கோவையில் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) உள்ள கார்களுக்கு வேலை பார்க்கும் பட்டறை என்னுடையது. கேட்பவர்களில் பாதிப் பேர் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒரு நாள் வண்டி ஓட்டிவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் இங்கே வந்து நிற்பவர்கள். மழுப்பாமல் பதில் சொல்வதென்றால், சில நேரம் பாஸாகும். பாஸாகிவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட் கட்டாயமானது. ஈயம் இல்லாத பெட்ரோலும் அப்போதுதான் அந்த நகரங்களில் விற்பனைக்கு வந்தது, ஏனென்றால் ஈயம் பட்டால் கேட் செத்துவிடும். உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. 250, 300 டிகிரி சூடு ஏறியபின் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடும். நல்ல நிலையில் இருக்கும் கேட், உள்ளே போகும் நச்சில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியே விடாது.

போன வருஷம் ஒரு தம்பி வேறெங்கோ டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் முதல் குழாய்) மாற்றிய வண்டியைக் கொண்டுவந்தார். கேட் இல்லாத வெறும் குழாய். எங்கள் கேஸ் அனலைசரின் புரோபைச் சைலன்சருக்குள் விட்டு, இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு, பார்த்தோம். கார்பன் மோனாக்சைடு 0.6 சதவீதத்தில் நின்றது. பக்கத்தில் அதே மாடல், கேட்டோடு இருந்த இன்னொரு வண்டி 0.01 காட்டியது. பி.எஸ்.4, பி.எஸ்.6 என்ற புகை விதிகளின்படி வந்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் வரம்பு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பனுக்கு (எரியாத பெட்ரோல்) 200 பி.பி.எம். ஆக, தம்பியின் வண்டி ஃபெயில். ஆனால் ரீமேப் (இன்ஜின் கணினியின் சாஃப்ட்வேரை மாற்றுவது) போடுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால், ஐடிலில் மட்டும் கலவையில் பெட்ரோலைக் குறைத்து லீனாக்கி இந்த எண்ணை இறக்கிவிடுவார். சீட்டு கைக்கு வந்துவிடும்.

அந்தச் சீட்டு எதைச் சொல்கிறது? வண்டி நின்ற இடத்தில், சுமை எதுவும் இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தபோது இரண்டு வாயு வரம்புக்குள் இருந்தன என்பதை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடை அந்த மெஷின் அளப்பதே இல்லை. அது அதிகம் பிறப்பதே இன்ஜின் சூடேறி, சுமை இழுத்து, பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போதுதான். அவினாசி ரோட்டில் மூன்றாம் கியரில் மிதிக்கிறீர்களே, அப்போது. அந்த நேரத்தில் பின்னால் புரோப் வைத்துக்கொண்டு யாரும் ஓடிவரப் போவதில்லை. நம் ஊர் சோதனையின் இந்த ஓட்டை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கலிஃபோர்னியாவில் ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனையின்போது கணினியை வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (இன்ஜின் கணினியோடு பேசும் சாக்கெட்) சொருகி, 2021 ஜூலையிலிருந்து இன்ஜின் சாஃப்ட்வேரே மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அங்கே ரீமேப் போட்டு, இன்ஜின் கணினி காட்டும் கோளாறுக் குறியீட்டை (எரர் கோட்) மறைத்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

கோட் என்றதும் நினைவுக்கு வருகிறது, பி0420. கேட் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் குறியீடு அது. கேட்டுக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், பின்னது கிட்டத்தட்ட நேர்கோடாக நிற்கும். கேட் வேலை செய்வதற்கு அந்த நேர்கோடுதான் அத்தாட்சி. கேட்டை எடுத்தால் பின்னதும் முன்னது மாதிரியே ஆட ஆரம்பிக்கும், செக் இன்ஜின் விளக்கு எரியும். அந்த விளக்கை அணைக்க ஸ்பேசர் (பின் சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி வைக்கும் துண்டு), ரீமேப் என்று ஏதேதோ செய்கிறார்கள். அப்புறம் நிஜமாகவே வேறொரு கோளாறு வந்தாலும், பின் சென்சார் சொல்வதை நம்ப முடியாது.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது சாதாரண வண்டிகளுக்குச் செய்யும் வேலை. “பிக்கப் இல்லை, கேட் அடைத்துக்கொண்டது” என்று சொல்லி, கழற்றி, உள்ளே கம்பியை விட்டு இடித்து, தேன்கூட்டைப் பொடியாக்கித் தட்டிக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை மாட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கேட் இருக்கும். இடிப்பவர் முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இருக்காது, அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குப் போகும். கேட் தானாக அடைவது அபூர்வம். இக்னிஷன் காயில் பழுதாகி மிஸ்ஃபயர் ஆனால் (பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போனால்) எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரியும், பீங்கான் உருகி வழியை மூடும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தாலும் துளைகள் அடையும். காயிலை மாற்றாமல் கேட்டை மட்டும் குடைந்தால் நோய் அப்படியே இருக்கும்.

சரி, பவர்? டர்போ வண்டியில் கேட் கொஞ்சம் தடைதான், எடுத்தால் டர்போ சீக்கிரம் சுழலும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேஜ் 2 (குழாய் மாற்றமும் ரீமேப்பும் சேர்ந்த தொகுப்பு) என்று நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பவரில் பெரும்பகுதி ரீமேப்பிலிருந்து வருவது. மேப்பைத் தொடாமல் குழாயை மட்டும் திறந்துவிட்டால் சில வண்டிகளில் வேஸ்ட்கேட்டால் (டர்போவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) பூஸ்டைப் பிடித்து நிறுத்த முடியாமல் எகிறி, இன்ஜினே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். டர்போ இல்லாத வண்டி என்றால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். சத்தம் மட்டும் வேண்டுமென்றால் கேட்டுக்குப் பின்னால் உள்ள குழாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் தெருக்காரர்கள் தூக்கம் கெடாத அளவுக்கு.

நானும் ஒரு காலத்தில் கேட் எடுத்துக் கொடுத்தவன்தான். நிறுத்தியதற்குக் காரணம் சட்டம் இல்லை. ஒரு வாடிக்கையாளர், மனைவியும் ஐந்து வயதுப் பெண்ணும் பின் சீட்டில் இருக்க, ஊட்டி மலையேறியிருக்கிறார். பர்லியார் தாண்டுவதற்குள் குழந்தை இரண்டு முறை வாந்தி. கொண்டை ஊசி வளைவு என்று நினைத்தார்கள். மேலே போனதும் மனைவிக்கும் தலைவலி, துணியெல்லாம் பெட்ரோல் வாடை. இறங்கி வந்ததும் நேராக என்னிடம் வந்தார். நான் மாட்டிய டவுன்பைப்பின் ஃபிளேஞ்ச் கேஸ்கெட் (குழாய் இணைப்பை அடைக்கும் தகடு) லேசாகக் கசிந்திருந்தது. கேட் இருந்திருந்தாலும் அந்த இடத்துக் கசிவு கசிவுதான். ஆனால் பின்னால் குழாய் வாயிலிருந்து டிக்கி வழியாக உள்ளே வந்ததும் சுத்தம் செய்யாத புகைதானே. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. பெட்ரோல் வாடை வந்ததால் அவர்கள் கண்ணாடியை இறக்கினார்கள், தப்பித்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். அனுமதியில்லாத மாற்றத்துக்குத் தனியாக, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம்.

இன்னொன்று. கழற்றிய கேட் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. 2021 மார்ச்சில், கேட்டில் பூசப்படும் ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலர் வரை போனது. குஜராத், மகாராஷ்டிரா பக்கம் ராத்திரியில் மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சரையே அறுத்துக்கொண்டு போனார்கள், உள்ளிருக்கும் தூளுக்காக. சில பட்டறைகள் டீகேட் (கேட்டை எடுக்கும்) வேலையை மலிவாகச் செய்வதன் ரகசியம் இதுதான்.

மேலே சொன்ன 0.6 சதவீதத் தம்பி இப்போது வண்டியை விற்கப் பார்க்கிறார். வாங்க வந்தவர் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஒரிஜினல் கேட் வேண்டும் என்று நின்றுவிட்டார். ஷோரூமில் புதுசுக்கு எஸ்டிமேட் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பழசை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“பழைய இரும்புக்காரர் எடுத்துக்கிட்டாருண்ணா. நாலாயிரம் கொடுத்தாரு.”