18ஐ 5 ஆக்குவது எப்படி?

2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை போன்றவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது செப்டம்பர் 3ஆம் தேதி. நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் நாடு முழுக்கக் கடைகளின் பில்லிங் மென்பொருள் மாறியாக வேண்டும்.

பெரிய கம்பெனியின் மென்பொருளை வாங்கியவர்களுக்கு அப்டேட் வந்துவிடும். ஜிஎஸ்டி அறிமுகமான 2017இல் தெரிந்த பையன் ஒருவனிடம் சொல்லி எழுதி வாங்கியதை இன்னமும் ஓட்டிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? ஈரோட்டில் ஒரு மொத்தக்கடை என்று வைத்துக்கொள்வோம். எழுதிக்கொடுத்த பையன் இப்போது எங்கேயோ, வேறு வேலையில். கடைக்காரரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஒரு ஏஐ கோடிங் கருவியைத் திறந்து, "ஷாம்புக்கு வரியை 5 சதவீதமா மாத்து" என்று தமிழிலேயே சொல்கிறாள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? அடியில் இருப்பது மொழி மாடல். இதுவரை வந்த எழுத்தைப் பார்த்து, அடுத்த துண்டு எதுவாக இருக்கும் என்று கணிப்பதுதான் அதன் தொழில். 2021இல் கிட்ஹப் கோபைலட் என்ற கோடிங் உதவிக் கருவி முன்னோட்டமாக வந்தபோது நாம் கோடைப் பாதி அடித்தால் மீதியை அது நிரப்பிக்கொடுக்கும், அவ்வளவுதான். இப்போதுள்ள கருவிகளில் அதே மாடலுக்குக் கைகளும் முளைத்திருக்கின்றன. இந்தக் கடையின் மென்பொருளை அது முன்பின் பார்த்ததில்லை. அதனால் முதலில் வரி எங்கே கணக்கிடப்படுகிறது என்று ஃபைல்களுக்குள் தேடுகிறது. கிடைத்ததைப் படிக்கிறது, திருத்துகிறது, ஓட்டிப் பார்க்கிறது. எர்ரர் வந்தால் அந்தச் செய்தியும் அதற்கு இன்னொரு எழுத்துதான். அதையும் படித்துவிட்டு அடுத்த திருத்தத்துக்குப் போகிறது. புரோகிராமர்கள் நாள் முழுக்கச் செய்வதும் ஏறக்குறைய இதே சுற்றுதான், என்ன, நடுவில் டீ குடிப்பார்கள்.

இந்தச் சுற்று வேறு வேலைகளைவிடக் கோடில் நன்றாக ஓடுவதற்குக் காரணம் உண்டு. கவிதை சரியில்லை என்று எந்த இயந்திரமும் சொல்லாது. கோடில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால், அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் உடனே கத்தும். மாடல்களைப் பழக்கும்போதும் இது கைகொடுக்கிறது. லட்சக்கணக்கில் கணக்குகள் கொடுத்து, டெஸ்ட், அதாவது எதிர்பார்த்த விடை வருகிறதா என்று தானாகவே ஓட்டிப் பார்க்கும் சோதனை, தேறிய விடைக்குப் பரிசுப் புள்ளி தந்தே பழக்கலாம். பக்கத்தில் ஒரு வாத்தியார் உட்கார்ந்து திருத்த வேண்டியதில்லை.

சரி, நம் கடைக்கு வருவோம். கருவி என்ன செய்தது? பொருள் பட்டியலில் ஷாம்புக்கு நேரே இருந்த 18ஐ 5 ஆக்கியது. எர்ரர் இல்லை. புது பில்லும் சரியாக வந்தது.

செப்டம்பர் 25 அன்று ஒரு சில்லறைக் கடைக்காரர், 20ஆம் தேதி வாங்கிய பெட்டியில் பாட்டில்கள் ஒழுகுகின்றன என்று திருப்பிக் கொண்டுவருகிறார். அன்று விலை 2,000, வரி 360, மொத்தம் 2,360 ரூபாய். இப்போது மென்பொருள் பொருள் பட்டியலைப் பார்த்து, 5 சதவீதம் போட்டு, 2,100 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்குக்கான வரவுச் சீட்டு) அடிக்கிறது. வந்தவருக்கு 260 ரூபாய் நட்டம். சட்டப்படியும் தப்பு, விற்ற அன்றைய விகிதத்தில்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். அதைவிட மோசம், போன மாத பில் ஒன்றை மறுபடி பிரிண்ட் எடுத்தால் அதிலும் புது வரி வந்து நிற்கும்.

கருவி சொன்னதைத்தான் செய்தது. விகிதத்தோடு "எந்தத் தேதியிலிருந்து" என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அதற்கே தெரிந்திருக்கும் என்பதுதான் வேடிக்கை.

இந்த மாதிரி வேலையில் கோட் எழுதும் நேரம் குறைந்து, சரிபார்க்கும் நேரம் கூடுகிறது. மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025இல் 16 அனுபவசாலி புரோகிராமர்களுக்கு, அவர்களுக்கு நன்கு பழகிய மென்பொருள்களில் 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்! கருவிகள் அதற்குப் பிறகு நிறைய முன்னேறிவிட்டன, ஆகவே அந்த எண்ணை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தத் தப்புக் கணிப்புதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இத்தனை நாள் சின்னக் கடைகள் மென்பொருளுக்கேற்பத் தங்களை வளைத்துக்கொண்டன. வாரக் கடன், வட்டாரத் தள்ளுபடி, பண்டிகைக்கு இலவசப் பெட்டி என்று கடையின் பழக்கங்கள் எதுவும் அதில் அடங்காது, எல்லாம் தனி நோட்டில் போகும். எழுதும் செலவு இறங்கிவிட்டதால் அந்த நோட்டும் மென்பொருளுக்குள் வர வழி பிறந்திருக்கிறது.

அதற்கு அந்த நோட்டை எழுதும் கணக்குப்பிள்ளை வேண்டும். மகள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல டெஸ்டுகளாக அடிக்கிறாள். 20ஆம் தேதி விற்று 25இல் திரும்பினால் 2,360. சேலத்துக்குப் போனால் வரி சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) என்று பாதிப்பாதி. பெங்களூருக்குப் போனால், வேறு மாநிலம் என்பதால், முழுக்க ஐஜிஎஸ்டி. கருவி மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. முதல் டெஸ்டே சிவப்பில் வருகிறது: எதிர்பார்த்தது 2,360, கிடைத்தது 2,100. அதைப் படித்துவிட்டு, இந்த முறை அது பொருள் பட்டியலைத் தொடவில்லை. தேதிக்கு ஒரு கட்டம் வைத்து, வரி விகிதங்களுக்கென்று தனிப் பட்டியல் போட ஆரம்பிக்கிறது.