படிக்க மட்டும்தான் அனுமதி, ஆனாலும் எழுத முடிந்தது

2021-இல் மேக்ஸ் கெல்லர்மன் என்ற நிரலாளரிடம் ஒரு புகார் வந்தது. சுருக்கி வைத்த பதிவுக் கோப்புகளை விரித்தால் பிழை காட்டுகிறது. உள்ளே பார்த்தால் கடைசி 8 பைட் மட்டும் கெட்டிருந்தது. சரிபார்ப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் 'பிகே' என்று ஜிப் கோப்பின் தலைப்பு உட்கார்ந்திருந்தது. அந்தப் பதிவுகளை ஜிப்பாகக் கட்டித் தரும் நிரலுக்கோ அந்தக் கோப்பைப் படிக்க மட்டும்தான் அனுமதி.

சந்தேகம் கடைசியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் மேலேயே போனது.

படிக்கவா, எழுதவா என்ற விசாரணை எல்லாம் பொதுவாகக் கோப்பைத் திறக்கும்போதே முடிந்துவிடும். அப்புறம் நாம் படிப்பது வட்டிலிருந்து நேராக வருவதில்லை. கர்னல் அதை 4 கிலோபைட் பக்கங்களாக நினைவகத்தில் வைத்திருக்கும், இதுதான் பேஜ் கேஷ். யார் படித்தாலும் அந்த ஒரே பிரதிதான், அதில் ஒருவர் கிறுக்கினால் எல்லாருக்கும் கிறுக்கலே தெரியும்.

இப்போது பைப். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் குழாய், அதுவும் பக்கங்களால் ஆனதுதான். சின்னதாக எதையாவது எழுதினால், கடைசிப் பக்கத்தில் இடமிருந்தால் கர்னல் அங்கேயே ஒட்டிவிடும். ஒட்டலாமா என்பதைச் சொல்ல ஒரு ஃபிளாக், அதாவது ஆம்-இல்லை குறி உண்டு. கோப்பில் இருப்பதைப் பைப்புக்குக் கடத்தும் ஸ்பிளைஸ் என்ற கர்னல் அழைப்போ நகலெடுக்காமல், பேஜ் கேஷ் பக்கத்தையே பைப்பில் சொருகிவிடும். அந்தப் பக்கத்தில் எதையும் ஒட்டவே கூடாது. ஆனால் சொருகும்போது பழைய ஃபிளாக்கை அழிக்க மறந்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். பைப்பை முழுக்க நிரப்பி (எல்லா இடத்திலும் 'ஒட்டலாம்' ஃபிளாக் ஏறிவிடும்), காலி செய்து, வேண்டிய கோப்பிலிருந்து ஒரு பைட்டை ஸ்பிளைஸ் செய்து, பிறகு உங்கள் சொந்த பைப்பில்தான் எழுதுகிறீர்கள். போய் விழுவது அந்தக் கோப்பின் பக்கத்தில்! பக்கத்தின் முதல் பைட்டைத் தொட முடியாது, கோப்பை நீளமாக்கவும் முடியாது. ஆனால் பயனர் பட்டியலில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் கடவுச்சொல் இடத்தை மாற்ற இது தாராளம்.

2022 மார்ச்சில் இது டர்ட்டி பைப் என்ற பெயரில் வெளியானது. வேடிக்கை என்னவென்றால், மாறிய பக்கத்தைக் கர்னல் 'டர்ட்டி', அதாவது வட்டில் எழுத வேண்டியது என்று குறிப்பதே இல்லை, அதனால் வேறு யாரும் அந்தப் பக்கத்தில் எழுதாதவரை மாற்றம் வட்டுக்குப் போகாது, மறுதொடக்கம் செய்தால் தடயமே இருக்காது.

ஃபிளாக்கைச் சுழியமாக்கும் வரி 2016-இலிருந்தே விடுபட்டிருந்தது. 2020-இல் லினக்ஸின் 5.8 பதிப்பு, ஒட்டலாமா என்று சொல்லும் வேலையை ஒரு ஃபிளாக்கிடம் கொடுக்கும்வரை அதனால் இப்படியொரு ஆபத்து வரவில்லை. 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில் சரிசெய்தார்கள்: இரண்டு இடங்களில், ஒவ்வொரு வரி.