‘நியூக் பண்ணிடுங்க’ என்று சொல்வதற்கு முன்

கோலாலம்பூரில் கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் நாங்கள் அன்றாடம் கேட்கும் சொல் ‘நியூக்’. அணு ஆயுதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமான இது, இப்போது அலுவலகச் சமையலறையில் ஒரு பொருளிலும் பழுதுபார்க்கும் மேசையில் வேறொரு பொருளிலும் புழங்குகிறது.

சமையலறையில் அது மைக்ரோவேவில் உணவைச் சூடாக்குவதைக் குறிக்கும். இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, உணவில் கதிரியக்கம் ஏறிவிடுமோ என்று அஞ்சும் பெரியவர்கள் உண்டு. அந்த அச்சம் தேவையில்லை. ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றுகின்றனவே தவிர, உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றுவதில்லை.

கணினித் துறையில் இச்சொல் முதலில் தாக்குதலுக்குப் பெயரானது. 1997இல் பரவிய ‘வின்நியூக்’ என்ற நிரல், விண்டோஸ் 95 கணினிகளின் 139ஆம் போர்ட்டுக்கு (பிணையத் தரவு நுழையும் வாயில்) ஒரு வகைத் தரவை அனுப்பி அவற்றை நீல நிறப் பிழைத்திரையில் நிறுத்தியது. வன்தட்டில் இருந்தவை தப்பின. சேமிக்காத வேலை மட்டும் போனது. இன்று நாங்கள் ‘நியூக்’ என்று சொல்வதோ வன்தட்டையே துடைத்தெடுப்பதை. எனவே இச்சொல்லை வேலை ஆணையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று வாடிக்கையாளர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு கணக்காய்வு அலுவலகத்தின் மேலாளர் எங்கள் பணியாளருக்கு வாட்ஸ்அப்பில், “தம்பி, அந்தப் பழைய லேப்டாப்ப நியூக் பண்ணிடுங்க, புதுசா வந்த பிள்ளைக்குக் கொடுக்கணும்” என்று எழுதியிருந்தார். பணியாளர் உடனே அழைத்து, “அண்ணே, ஃபைல் எல்லாம் போகணுமா, முன்னாடி இருந்தவரோட யூசர் கணக்கு மட்டும் போனா போதுமா?” என்று கேட்டார். “ஐயோ, ஃபைலத் தொட்டுடாதீங்க, வரிக் கணக்கு அதுலதான் இருக்கு!” என்று பதில் வந்தது. அந்த ஒரு கேள்விதான் அலுவலகத்தின் கோப்புகளைக் காப்பாற்றியது.

இதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். ‘டேரிக்ஸ் பூட் அண்ட் நியூக்’ என்னும் இலவசக் கருவியைத் தொடக்கத் திரையில் ‘ஆட்டோநியூக்’ என்று தட்டி இயக்கினால், எந்த வட்டு என்று கேட்காமலே, தான் கண்டறிந்த வட்டுகள் அனைத்தையும் மேலெழுதி அழிக்கத் தொடங்கும். காப்புப் பிரதிக்காக யுஎஸ்பியில் செருகிய வெளி வட்டு அதன் கண்ணில் பட்டால் அதையும் விட்டுவைக்காது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. விரைவு ஃபார்மட் செய்துவிட்டு ‘நியூக் பண்ணியாச்சு’ என்று சொல்லி, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பக்கம் மடிக்கணினியை விற்றுவிடுகிறார்கள். விரைவு ஃபார்மட் நூலின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. மற்ற பக்கங்கள் அப்படியே இருக்கும். வன்தட்டில் இருந்தவற்றை மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடலாம். சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை வேறு: தரவைத் தாங்கும் நுண்ணறைகளான செல்கள் சீராகத் தேய்வதற்காக அதன் கட்டுப்படுத்திச் சில்லு, தரவை எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதினாலும் பழைய தரவு வேறு செல்லில் தங்கிவிடக்கூடும். அதற்குத் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையே ஏற்றது. முதல் நாளிலிருந்தே பிட்லாக்கர் போன்ற மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைப்பது) இருந்தால், மறைச்சாவியின் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடுவதும் உதவும்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. தேவை முடிந்த தனிநபர் தரவுகளை அழிக்க அல்லது நிரந்தரமாக நீக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை அது வணிக நிறுவனங்கள் மீது வைக்கிறது. ஆகவே எங்களிடம் கணினியைக் கொடுக்கும்போது, எந்த வட்டு, அதன் தொடர் எண் என்ன, பயனர் கணக்கை மட்டும் நீக்க வேண்டுமா, முழு வட்டையும் அழிக்க வேண்டுமா, காப்புப் பிரதி எடுத்தாயிற்றா என்பதை எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். வேலை முடிந்ததும் அதே தாளில் அழித்த முறையையும் தேதியையும் குறித்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.