கதவைச் சாத்திவிட்டு எடுங்கள்

"பிள்ளைக்கு இளநீர் குடுத்தா எக்ஸ்ரே சூடு இறங்கிருமா சார்?" என்று கேட்டார் ஒரு பெண். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிளினிக்கில் குழந்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். குழந்தை துள்ளியதால் இவரையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் தரவில்லை. இவர் ஐந்து மாதம். மாசமாக இருக்கிறீர்களா என்று அங்கே யாரும் கேட்கவுமில்லை, இவராகச் சொல்லவுமில்லை.

அவரிடம் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் பக்கத்தில் நிற்பவர் மேல் சிதறி வரும் கதிர் மிகச் சொற்பம், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த கிளினிக் செய்தது தப்பு. பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மாசமாக இல்லாத உறவினர் ஒருவர், ஏப்ரன் போட்டுக்கொண்டு, கதிர் நேராக விழாத பக்கம் நின்று பிடிக்கட்டும்.

இளநீர் விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை தடவை சொல்வது? எக்ஸ்ரே உடம்பில் தங்குகிற சரக்கு இல்லை. சுவிட்சை அணைத்ததும் லைட் போவது போல, எடுத்து முடித்த கணமே கதிர் போய்விட்டது. சட்டையில் ஒட்டாது, தாய்ப்பாலில் கலக்காது, எடுத்தவரைத் தொட்டால் உங்களுக்கு வராது. எக்ஸ்ரே எடுத்து வந்த பேரனைத் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் விடாத ஆச்சி ஒருவரையும் எனக்குத் தெரியும். இளநீர் நல்லதுதான், வெயிலுக்கு. எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் இந்தக் கதிர் கிடையவே கிடையாது. அதற்கும் மிரளுகிறவர்களில் படித்தவர்களே அதிகமோ என்று சில நாள் தோன்றும்.

முடிந்த பிறகு இவ்வளவு பயப்படுகிறவர்கள், எடுக்கும்போது மட்டும் குடும்பத்தோடு அறைக்குள் நிற்கிறார்கள். வெளியே போங்கள் என்றால் கோபம் வேறு. ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனாலே கால் பங்குதான் படும். போங்களேன்!

கிளினிக் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய வீட்டில் எக்ஸ்ரே வைத்திருந்த ஒருவர், "சுவரு ரெண்டடி, கதவு பர்மா தேக்கு சார்" என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். சுவர் சரி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே பொதுவாகப் போதும். தேக்கு எத்தனை தடிமனாக இருந்தாலும் எக்ஸ்ரேக்கு அது மரம்தான், ஊடுருவிப் போய்விடும். கதவில் ஈயத்தகடு அடிக்க வேண்டும். அங்கே கதவுக்கு நேர் வெளியே பெஞ்சு போட்டு நோயாளிகளை உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் கதவையும் காற்றுக்காகத் திறந்தே வைத்திருந்தார்கள். எக்ஸ்ரே நடத்த வாங்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் எங்கே என்று கேட்டேன், டீ வந்தது.

டெக்னீஷியன் தம்பிகளே, உங்கள் மேல் படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் நெஞ்சில், ஏப்ரனுக்கு உள்ளே. வேலை முடிந்ததும் அதை ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போகாதீர்கள். மூன்று மாதக் கணக்கில் அளவு எகிறி, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த பிறகு எனக்கு போன் போட்டுப் பயனில்லை. ஐந்து ஆண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அளவு) உங்கள் உச்சவரம்பு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு 1தான். அப்புறம், ஏப்ரனை மடிக்காதீர்கள், உள்ளே விரிசல் விடும்.

கதிர் உடம்பில் நிஜமாகவே தங்கும் சிகிச்சை ஒன்று உண்டு. தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் அயோடின்-131. அதன் அரை ஆயுள் 8 நாள், அதாவது எட்டு நாளுக்கு ஒருமுறை அதன் கதிர் பாதியாகும், ஒரேயடியாக நின்றுவிடாது. உடம்பில் இருக்கும்வரை கதிர் வரும், மருந்து சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறும். எக்ஸ்ரேக்கு நடுங்குகிற அதே ஊரில், இதைச் சாப்பிட்டுவிட்டு வந்த கையோடு கல்யாண வீட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். மருத்துவமனையில் கொடுத்த தாளில் எத்தனை நாள் தனியாகப் படுக்க வேண்டும், எத்தனை நாள் பிள்ளைகளைத் தூக்கக்கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கும். அதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரும் படியுங்கள், ஐயா.